'இன்னும் ரெண்டு தெருதான்!' - மே மாதப் புதுச்சேரியில் ஜோடியாக ஒரு பேக்பேக் பயணம்

"வெயில் என்ன நமக்குப் புதுசா?"

புதுச்சேரிக்குக் கிளம்புறதுக்கு முன்னாடி எங்க வீட்டில் அதிக முறை சொல்லப்பட்ட வசனம் இதுதான். சொன்னது நான். வேப்பந்தட்டைக்காரிக்கு வெயிலைப் பத்தி யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. பருத்தி ஆராய்ச்சி நிலையமே எங்க ஊரில்தான் இருக்கு. உச்சி வெயில் ஏறுறவரைக்கும் காட்டில் நின்னு பருத்தி எடுத்த கை இது. அப்படிப்பட்ட நான், புதுச்சேரியில் பகல் பன்னிரண்டரை மணிக்கு, யார் வீடு என்றே தெரியாத ஒரு திண்ணையில் கண் இருட்டிச் சாய்ந்தேன். பக்கத்தில் முதுகுப்பையோடு என் வீட்டுக்காரர், "இன்னும் ரெண்டு தெருதான்னு சொன்னேனே..." என்று சொன்னதையே திரும்பச் சொல்லிக்கொண்டு நின்றார்.

கல்யாணமாகி முதல் கோடையில், தோளில் ஒரு பையை மாட்டிக்கொண்டு கடல் பார்க்கக் கிளம்பும் ஜோடிகள் இப்போ நம்ம பக்கத்திலும் அதிகம். அவங்களுக்கு உதவட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். எதைப் பார்க்கலாம் என்பதைவிட, எந்த நேரத்தில் பார்க்கக் கூடாது என்பதே இதில் அதிகம் இருக்கும்.

ஏன் மே மாதம்?

கடலோர ஊருக்கு மே மாதத்தில் போகாதே என்று எல்லோரும் சொல்வாங்க. டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரைதான் புதுச்சேரி சுகமா இருக்கும். அதுக்கு முன்னாடி போனால் வடகிழக்குப் பருவமழை. 2024 நவம்பர் 30-ம் தேதி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கத்தில்தான் கரையைக் கடந்தது. ஒரே நாளில் கிட்டத்தட்ட 50 சென்டிமீட்டர் மழை கொட்டி நகரமே மிதந்தது.

ஆனால், விவசாயக் குடும்பத்துக்கு டிசம்பர், ஜனவரியில் லீவு ஏது? மக்காச்சோளம் கதிர் முற்றி நிற்கும், பருத்தி வெடித்து நிற்கும், சின்ன வெங்காயத்துக்கு ஆள் தேடணும். மானாவாரிக் காடு சும்மா கிடப்பது சித்திரை, வைகாசியில்தான். ஆடிப்பட்டத்துக்கு முன்னால் நமக்குக் கிடைக்கிற இடைவெளியும் பள்ளிக்கூட லீவும் ஒண்ணா வரும். அதனால் பெரம்பலூர், அரியலூர் பக்கத்துக்காரங்க கடலைப் பார்ப்பது பெரும்பாலும் அக்னி நட்சத்திரத்தில்தான். 'போகாதே' என்று சொல்வதில் பலன் இல்லை, எப்படிப் போவது என்று சொன்னால்தான் உண்டு.

ரெண்டு பேர், ரெண்டு பை

பேக்பேக்கிங் என்பது வெள்ளைக்காரங்க கண்டுபிடித்த புது விஷயம் இல்லை. கடலோர நகரமான பூம்புகாரிலிருந்து கையில் காசில்லாமல், சொல்லிக்கொள்ளாமல் விடியும் முன்னே நடந்து கிளம்பிய ஜோடி நமக்கு ஒண்ணு இருக்காங்களே, கோவலனும் கண்ணகியும்! முடிவுதான் சரியில்லை. இந்தக் காலத்து உதாரணம் என்றால் டோனி வீலர், மவுரீன் வீலர் தம்பதி. லண்டனிலிருந்து தரைவழியாக ஆசியாவைக் கடந்து 1972 கடைசியில் ஆஸ்திரேலியா போய்ச் சேர்ந்தபோது அவங்க கையில் மிச்சம் இருந்தது 27 சென்ட். அந்த அனுபவத்தை 1973-ல் சின்னப் புத்தகமாகப் போட்டாங்க. அதுதான் 'லோன்லி பிளானட்' பயணக் கையேடுகளின் தொடக்கம்.

நாங்க போனது ரெண்டு ராத்திரிதான். அதுக்கு இவர் எடுத்துவைத்தது மூணு ஜீன்ஸ். கடலோர ஊரில் நனைந்த ஜீன்ஸ் ரெண்டு நாளானாலும் காயாது. காத்திலேயே தண்ணி இருக்கும்போது துணி எங்கே காய்வது? டர்க்கி டவலும் அப்படித்தான், மூணாம் நாள் வாடை அடிக்கும். அதுக்குப் பதில் நம்ம ஈரிழைத் துண்டு நாலு எடுத்துக்கோங்க. துவட்டலாம், தலையில் போடலாம், நனைத்துக் கழுத்தில் சுற்றலாம், மணலில் விரிக்கலாம். மெல்லிய, தொளதொளப்பான பருத்திச் சட்டை, சுடிதார், ஒரு லுங்கி, ஒரு தொப்பி, கறுப்புக் குடை, ஒரு லிட்டர் பாட்டில் ரெண்டு, ஓ.ஆர்.எஸ் பாக்கெட் நாலு. இவ்வளவு போதும். பை உங்க உடம்பு எடையில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. ஐம்பது கிலோ இருக்கிற எனக்கு ஐந்து கிலோ. பொண்டாட்டி பையையும் சேர்த்து நானே தூக்குறேன் என்கிற வீரம் வேண்டாம். பகல் ஒரு மணிக்கு அந்த வீரம் கோபமாக மாறும், நான் பார்த்துட்டேன்.

பெரம்பலூருக்கு ரயில் கிடையாது. அரியலூர் போய் ரயில் பிடித்து விழுப்புரத்தில் மாறலாம். எங்களுக்கு பஸ்தான் வசதி. வேப்பந்தட்டையிலிருந்து பெரம்பலூர், அங்கிருந்து தேசிய நெடுஞ்சாலையில் உளுந்தூர்பேட்டை, விழுப்புரம், அப்புறம் கிழக்கே திரும்பி சுமார் 40 கிலோமீட்டரில் புதுச்சேரி. நேரடி பஸ் கிடைக்கலைன்னா விழுப்புரத்தில் மாறிக்கலாம். பெரம்பலூர் தாண்டி மங்களமேடு பக்கம் வரும்போது ஜன்னல் வழியாக ரஞ்சன்குடி கோட்டையைப் பாருங்க. இந்தப் பக்கத்தில் வாலிகண்டபுரத்தை ஒட்டி 1751-ல் நடந்த சண்டையில், சந்தா சாகிப்புக்குத் துணையாக பிரெஞ்சுக்காரங்களும் முகமது அலிக்குத் துணையாக ஆங்கிலேயரும் மோதினாங்க. நாம பிரெஞ்சுத் தெருவைப் பார்க்கப் போறோம். அவங்க நம்ம ஊரை அதுக்கு ரொம்ப முன்னாடியே வந்து பார்த்துட்டாங்க.

ரூம் எடுக்கும் முன்

லாட்ஜில் முதலில் கேட்க வேண்டியது வாடகை இல்லை, 'செக்-அவுட் எப்போ?' என்பது. சில இடங்களில் பகல் 12 மணி. சில இடங்களில் 24 மணி நேரக் கணக்கு. நீங்க விடிகாலை ஆறு மணிக்கு வந்து 24 மணி நேரக் கணக்கில் எடுத்தால், மறுநாள் ஆறு மணிக்குக் காலி பண்ணணும். பகல் 12 மணிக் கணக்கு என்றால் அதைவிட மோசம், உச்சி வெயிலில் பையோடு தெருவில் நிற்பீங்க. எங்களுக்கு நடந்தது அதுதான். வெள்ளி ராத்திரி வந்தோம், ரெண்டாவது ராத்திரிக்கு அதே இடத்தில் ரூம் இல்லை, சனிக்கிழமை பன்னிரண்டு மணிக்கு வெளியே. கடற்கரைக்குப் பக்கத்தில் சனி, ஞாயிறு வாடகையும் ஏறும், இடமும் கிடைக்காது. முடிஞ்சால் ஞாயிறு மதியம் போய் செவ்வாய் அல்லது புதன் கிளம்புங்க. ஆனா, திங்கள்கிழமை அருங்காட்சியகத்துக்கு விடுமுறை, அதையும் மனசில் வைங்க.

மின்விசிறி மட்டும் இருக்கிற ரூமா, ஏசியா? மற்ற மாதங்களில் மின்விசிறி போதும். மே மாதத்தில் காசை எங்கே மிச்சம் பிடித்தாலும் இதில் பிடிக்காதீங்க. ராத்திரி உடம்பு ஆறினால்தான் மறுநாள் வெயிலைத் தாங்கும். பகலில் வாங்கிய சூட்டோடு புழுக்கமான ரூமில் படுத்தால், மறுநாள் காலையே பாதி சோர்வோடு தொடங்குவீங்க. பங்க் கட்டில் போட்ட ஹாஸ்டல்கள் புதுச்சேரியில் நிறைய வந்திருக்கு. படுக்கைக் கணக்கில் வாடகை, தனியாப் போறவங்களுக்குச் சிக்கனம். ஜோடிக்கு ரெண்டு படுக்கை விலையைக் கூட்டிப் பார்த்தால் பல சமயம் சாதாரண ரூம் வாடகை வந்துடும். அரவிந்தர் ஆசிரமத்தின் விருந்தினர் இல்லங்கள் சுத்தமா, அமைதியா இருக்கும். மது, புகை கூடாது, ராத்திரி சீக்கிரம் கேட் மூடிடுவாங்க.

அடுத்தது, நிறைய பேர் தயங்குற விஷயம். என் ஆதாரில் அப்பா பேரும் அரும்பாவூர் முகவரியும்தான் இன்னும் இருக்கு. இவர் ஆதாரில் வேப்பந்தட்டை. ரிசப்ஷனில் இருந்தவர் ரெண்டு அட்டையையும் மாத்தி மாத்திப் பார்த்துட்டு, என் கழுத்தைப் பார்த்தார். எனக்கு முகம் சிவந்துபோச்சு. புதுசா கல்யாணமானவங்க திருமணப் பதிவுச் சான்றிதழையோ பத்திரிகையையோ போனில் படமெடுத்து வெச்சிருந்தால் பேச்சு சீக்கிரம் முடியும். ஆனா, சட்டம் அதைக் கேட்கவே இல்லை. கோவையில் மூடப்பட்ட ஒரு விடுதி தொடர்பான வழக்கில், கல்யாணமாகாத ஆணும் பெண்ணும் ஒரே அறையில் தங்கக் கூடாது என்று எந்தச் சட்டமும் இல்லை என்று 2019 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் தெளிவாகச் சொல்லியிருக்கு. புதுச்சேரியும் அந்த நீதிமன்றத்தின் எல்லைக்குள்தான் வருது. பதினெட்டு வயது நிரம்பிய ரெண்டு பேரின் அடையாள அட்டை போதும். இருந்தாலும் 'எங்க விடுதி விதி' என்று மறுக்கிறவங்க இருக்காங்க. அதனால் முன்பதிவு பண்ணும்போதே போனில் கேட்டுடுங்க. ராத்திரி பத்து மணிக்கு வாசலில் நின்னு வாதாட வேண்டாம். ஆதார் நகல் கேட்டால், கடைசி நாலு எண் மட்டும் தெரியும் 'மாஸ்க்டு ஆதார்' கொடுக்கலாம். ஆதார் இணையதளத்திலேயே அதைத் தரவிறக்கிக்கலாம்.

நம்ம வெயில் வேற, அந்த வெயில் வேற

இப்போ நான் மயங்கின கதைக்கு வர்றேன். அதுக்கு முன்னால் ஒரு கணக்கு.

நம்ம ஊரில் 40 டிகிரி அடிக்கும். ஆனா காற்று வறண்டிருக்கும். வேர்வை வந்த உடனே காய்ந்துடும். காயும்போது உடம்புச் சூட்டையும் எடுத்துக்கொண்டு போகும். மண்பானையில் தண்ணி குளிர்வதும் இதே கணக்குதான். கடலோரத்தில் வெப்பமானி 35 டிகிரிதான் காட்டும். ஆனா காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைஞ்சிருப்பதால் வேர்வை காயாமல் வழிஞ்சுக்கிட்டே இருக்கும். வழியுற வேர்வையால் உடம்பு குளிராது, தண்ணியும் உப்பும்தான் நஷ்டம். வானிலைத் துறையினர் 'உணரும் வெப்பம்' என்று ஒரு கணக்குப் போடுவாங்க. ஈரப்பதம் 20 சதவிகிதம் இருந்தால் 40 டிகிரி வெப்பம் உடம்புக்குக் கிட்டத்தட்ட 40 டிகிரியாகவே தெரியும். ஈரப்பதம் 70 சதவிகிதமாக இருந்தால் 35 டிகிரியே சுமார் 50 டிகிரி மாதிரி தாக்கும். இது நிழலில் நிற்கும்போது. நேர் வெயிலில் இன்னும் கூடும்.

'நான் வெயிலில் வளர்ந்தவ' என்பது இங்கே உதவாததுக்குக் காரணம் இதுதான். சொல்லப்போனால் அந்தத் தைரியம்தான் ஆபத்து. பெங்களூரிலிருந்து வந்தவங்க பதினொரு மணிக்கே பயந்து ரூமுக்குப் போயிடுறாங்க. நம்மதான் நடந்துக்கிட்டே இருக்கோம்.

கடற்காற்று ஒண்ணு இருக்கே என்று கேட்கலாம். தரை சூடேறி, அங்கே இருக்கிற காற்று மேலே கிளம்ப, கடலிலிருந்து குளிர்ந்த காற்று அந்த இடத்துக்கு வருது. பெரும்பாலும் மதியத்தை ஒட்டி வரும். ஆனா மே, ஜூனில் மேல்காற்று பலமா இருக்கிற நாளில் அது கடற்காற்றைத் தடுத்து நிறுத்தும். அப்போ ரெண்டு, மூணு மணிவரைக்கும் ஒரு இலை அசையாது. அன்னைக்குத்தான் வெப்பம் உச்சத்துக்குப் போகும். பதினொரு மணிக்குக் கடற்கரையில் கொடி எந்தப் பக்கம் பறக்குதுன்னு பாருங்க. கடலைப் பார்த்துப் பறந்தால், அன்னைக்கு மதியம் வெளியே வேலை வெச்சுக்காதீங்க.

அந்தச் சனிக்கிழமை

பன்னிரண்டு மணிக்கு ரூமைக் காலி பண்ணினோம். அடுத்த ரூம் ரெண்டு மணிக்குத்தான் கிடைக்கும். 'சும்மா உட்கார்ந்து என்ன பண்றது, அதுக்குள்ள பாரதியார் வீட்டைப் பார்த்துடலாம்' என்றார் இவர். பாரதி 1908 முதல் 1918 வரை புதுச்சேரியில்தான் இருந்தார். ஈஸ்வரன் தர்மராஜா கோயில் தெருவில் அவர் வாழ்ந்த வீடு இப்போ நினைவு இல்லம். போனில் வரைபடம் பார்த்தால் கிட்டத்தில்தான் தெரிஞ்சது. நடந்தோம். மே மாதம் இந்த ஊரில் சூரியன் கிட்டத்தட்ட தலைக்கு நேர் மேலே நிற்கும். மதியத்தில் சுவரோரம் ஒரு முழம் நிழல்கூடச் சரியாத் தேறாது.

காலையிலிருந்து நான் குடிச்சது ஒரே ஒரு டம்ளர் காபி. தண்ணி பாட்டில் பையில்தான் இருந்தது. குடிக்கலை. ஏன்னா, பாத்ரூம் எங்கே இருக்குன்னு எனக்குத் தெரியாது. இதை இவர்கிட்ட சொல்லவும் இல்லை. பொம்பளைங்க எல்லோருக்கும் இது தெரியும். பஸ் பயணம் என்றால் முதல் நாள் ராத்திரியே தண்ணியைக் குறைச்சுக்கிறது நம்ம அம்மா, அத்தை காலத்துப் பழக்கம். ஆம்பளைங்களுக்கு இது தோணவே தோணாது. அவர் ஒரு பாட்டிலைக் குடிச்சு முடிச்சுட்டு, "உனக்குத் தாகமே எடுக்காதா?" என்று ஆச்சரியமாகக் கேட்டார்.

தலைவலி முதலில் வந்தது. அப்புறம் குமட்டல். "எங்கயாச்சும் உக்காரலாங்க" என்றேன். "இன்னும் ரெண்டு தெருதாம்மா, வந்துட்டோம்." அவர் மேல் தப்பில்லை. எனக்கும் கௌரவம். அடுத்த தெருவில் கை சில்லுன்னு ஆச்சு. 35 டிகிரி வெயிலில் எனக்குக் குளிருது! பக்கத்தில் தெரிஞ்ச திண்ணையில் சாய்ந்ததுதான் தெரியும்.

புதுச்சேரியில் தமிழர் பகுதித் தெருக்களில் பழைய வீடுகளுக்கு முன்னால் திண்ணையும், அதுக்கு வெளியே தூண் நிறுத்தி ஓடு போட்ட தாழ்வாரமும் இருக்கும். திண்ணை வீட்டுக்காரருக்கு, தாழ்வாரம் வழிப்போக்கருக்கு. பிரெஞ்சுப் பகுதியில் உயரமான மதில், மூடிய கதவு. தமிழ்ப் பகுதியில் உட்கார இடம். ரெண்டும் அழகுதான், ஆனா மயங்கி விழுறதுன்னா இந்தப் பக்கம் விழுங்க. அந்த வீட்டுப் பாட்டி எதுவுமே விசாரிக்கலை. ஒரு சொம்பு தண்ணி, ஈரத்துணி, அப்புறம் உப்புப் போட்ட மோர். "மசக்கையா?" என்று மட்டும் கேட்டாங்க. இல்லைன்னேன். "அப்போ வெயிலுதான். மத்தியானத்துல யாராச்சும் ஊர் சுத்துவாங்களா?" என்று இவரைத்தான் திட்டினாங்க.

இதுக்குப் பெயர் வெப்பச் சோர்வு. அதிக வேர்வை, ஜில்லிட்ட ஈரத்தோல், தலைச்சுற்றல், குமட்டல், கெண்டைக்கால் பிடிப்பு, தலைவலி இதெல்லாம் அறிகுறி. உடனே நிழலில் படுக்கவைத்து, காலைக் கொஞ்சம் உயர்த்தி, துணியைத் தளர்த்தி, கழுத்து, அக்குளில் ஈரத்துணி வைத்து விசிறணும். நினைவு தெளிவா இருந்தால் ஓ.ஆர்.எஸ் கரைசலை மடக்கு மடக்காகக் கொடுக்கணும். பாக்கெட் இல்லைன்னா ஒரு லிட்டர் சுத்தமான தண்ணியில் தலை தட்டின ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. உப்பு கூடிடக் கூடாது. ஒரு மணி நேரத்தில் தேறலைன்னாலோ, வாந்தி நிக்கலைன்னாலோ ஆஸ்பத்திரிக்குப் போயிடுங்க. பேச்சு குழறினாலோ, இடம் பொருள் தெரியாமல் உளறினாலோ, உடம்பு அனலாக் கொதிச்சாலோ அது வெப்பவாதம், உயிருக்கே ஆபத்து. 108-க்குக் கூப்பிட்டுட்டு, வண்டி வர்றவரைக்கும் உடம்பெல்லாம் தண்ணி ஊற்றி விசிறிக்கிட்டே இருக்கணும். நினைவில்லாதவர் வாயில் எதுவும் ஊற்றக் கூடாது. அரசு பொது மருத்துவமனை, பாரதி பூங்காவுக்குப் பக்கத்திலேயே இருக்கு. கோரிமேட்டில் ஜிப்மர்.

அப்புறம் நாங்க போட்ட நேரக்கணக்கு

அன்னைக்குச் சாயந்திரம் ரூமில் உட்கார்ந்து ரெண்டு பேரும் ஒரு ஒப்பந்தம் போட்டோம். ஒருத்தர் 'உட்காரலாம்' என்று சொன்னால், மத்தவர் 'இன்னும் ரெண்டு தெரு' என்று சொல்லக் கூடாது. ஏன்னு கேட்கவும் கூடாது. இருபது நிமிஷத்துக்கு ஒரு டம்ளர் தண்ணி, தாகம் எடுக்காவிட்டாலும். போகிற இடத்தில் முதலில் பாத்ரூமை விசாரிக்கிறது அவர் வேலை. அவருக்கு அது கூச்சமே இல்லை. இதை நான் முன்னாடியே சொல்லியிருக்கலாம். பஸ் ஸ்டாண்டு, கடற்கரை, பூங்காப் பக்கம் பொதுக் கழிப்பறைகள் உண்டு. சுத்தம் நாளுக்கு ஒரு மாதிரி. ஒரு காபி வாங்கிக் குடிக்கிற கடையில் கேட்பது உத்தமம். அந்த நாற்பது, ஐம்பது ரூபாயை பாத்ரூம் செலவு என்றே எழுதிக்கோங்க.

காலை ஐந்தே காலுக்கு எழுந்தோம். மே மாதத்தில் சூரியன் 5.45 மணி வாக்கில் கடலிலிருந்து எழும்பும். கிழக்குக் கடற்கரை என்பதால் கடலில் அஸ்தமனம் கிடையாது. அதுக்குப் பதில் பௌர்ணமி அன்னைக்குப் போனால், இந்தப் பக்கம் சூரியன் மறையும் நேரத்தில் கடலில் நிலா எழும்பும். கடற்கரைச் சாலையில் சாயந்திரம் 6 மணியிலிருந்து காலை 7.30 வரை வண்டிகளுக்கு அனுமதி இல்லை. அந்த நேரம் முழுக்க நடக்கிறவங்களுக்கானது. காந்தி சிலை, அதைச் சுத்தி செஞ்சியிலிருந்து கொண்டுவந்த கல்தூண்கள், 1836-ல் விளக்கேற்றிய பழைய கலங்கரை விளக்கம், எல்லாம் ஒரே நேர்க்கோட்டில்.

அந்தக் கரையில் ஏன் இத்தனை பாறாங்கல் என்று இவர் கேட்டார். முன்னாடி அங்கே மணல்தான் இருந்தது. நம்ம கிழக்குக் கரையில் அலை மணலைத் தெற்கிலிருந்து வடக்கே நகர்த்திக்கிட்டே இருக்கும். 1980-களில் தெற்கே துறைமுகத்துக்காகக் கட்டின தடுப்புச் சுவர்கள் அந்த மணலை மறிச்சிடுச்சு. வடக்கே நகரத்தின் கரை அரிச்சுப்போனது. அரிப்பைத் தடுக்கத்தான் கல். 2018-ல் தலைமைச் செயலகத்துக்கு எதிரே கடலுக்குள் செயற்கைத் திட்டு ஒன்றை இறக்கியபிறகு ஒரு பகுதியில் மணல் திரும்ப வந்திருக்கு.

7.30-லிருந்து 10.30 வரை தெருக்கள். பிரெஞ்சுப் பகுதியின் துய்மா, ரோமன் ரோலண்ட், சுஃப்ரேன் தெருக்கள் கடலுக்கு இணையாகத் தெற்கு வடக்காகப் போகும். காலையில் கிழக்குப் பக்க நடைபாதையில் நிழல், மூணரைக்கு மேல் மேற்குப் பக்கத்தில். பக்கம் பார்த்து நடந்தாலே பாதி வெயில் குறையும். மணக்குள விநாயகர் கோயிலைக் காலையிலேயே முடிச்சுடுங்க, வெறுங்காலில் நிற்கணும் இல்லையா. பதினொரு மணிக்கு நேரு வீதி இந்தியன் காபி ஹவுஸ், இல்லை அருங்காட்சியகம். பிறகு மூணரை வரைக்கும் ரூம், தூக்கம். 'காசு கொடுத்து வந்து தூங்குறதா?' என்று முதல் நாள் கேட்டவர், ரெண்டாம் நாள் குறட்டை விட்டார்.

பாரதி பூங்காவில் மரநிழல் உண்டு. நடுவில் வெள்ளையா நிற்கிறது ஆயி மண்டபம். மரபுக்கதை ஒண்ணு சொல்றாங்க. இந்தப் பக்கம் வந்த விஜயநகர அரசர், விளக்கொளியில் மின்னிய ஒரு மாளிகையைக் கோயில் என்று நினைச்சுக் கும்பிட்டுட்டார். அது ஆயி என்ற தாசியின் வீடு என்று தெரிஞ்சதும் இடிக்கச் சொன்னார். அவள் தானே இடிச்சுட்டு அந்த இடத்தில் ஊருக்குக் குளம் வெட்டினாள். பிற்காலத்தில் முத்திரையர்பாளையத்திலிருந்து நகரத்துக்குத் தண்ணி கொண்டுவந்தபோது, மூன்றாம் நெப்போலியன் காலத்தில் அவள் நினைவா எழுப்பியது இந்த மண்டபம். மோர் கொடுத்த பாட்டிக்குப் பக்கத்துத் தெருவில் இப்படி ஒரு கதை.

கடல்ல கால் வைக்கும்போது

எனக்கு இது முதல் கடல். கிணத்திலும் ஏரியிலும் நீச்சல் பழகினவங்க இங்கே கொஞ்சம் கவனிக்கணும். நகரக் கடற்கரையில் பாசி பிடிச்ச கல், குளிக்க இறங்கவே கூடாது. வடக்கே கோட்டக்குப்பம் பக்கம் செரினிட்டி கடற்கரை, தெற்கே நோணாங்குப்பத்துச் சுண்ணாம்பாறு படகுத் துறையிலிருந்து படகில் போகும் பாரடைஸ் கடற்கரை, இங்கெல்லாம் மணல் உண்டு. ஆனா இழுப்பும் உண்டு. கரைக்கு வந்த தண்ணி ஒரே இடத்தில் கூடி வேகமாகக் கடலுக்குள் திரும்பும். அந்த இடத்தில் அலை உடையாமல் அமைதியாத் தெரியும், அதனால் அதுதான் பாதுகாப்பு என்று நினைச்சு இறங்குவாங்க. இழுத்தால் கரையைப் பார்த்து எதிர்நீச்சல் போடாதீங்க, களைச்சுடுவீங்க. கரைக்கு இணையா பக்கவாட்டில் நீந்தி இழுப்பிலிருந்து வெளியே வந்து, அப்புறம் கரைக்குத் திரும்பணும். நீச்சல் தெரியாட்டி முழங்காலோடு நிறுத்திக்கோங்க. குடிச்சுட்டு இறங்கவே கூடாது. புதுச்சேரியில் இதைச் சொல்லியே ஆகணும். பாட்டிலைப் பையில் வெச்சு ஊருக்குக் கொண்டுவரும் யோசனையும் வேண்டாம், எல்லையில் பஸ்ஸை நிறுத்திப் பை பார்ப்பாங்க.

நான் முழங்கால் அளவு தண்ணியில் ஒரு மணி நேரம் நின்னேன். காலடி மணலை அலை உருவிக்கிட்டுப் போகும்போது பூமியே நகருற மாதிரி இருந்தது. இவர் கரையில் செருப்பையும் பையையும் காவல் காத்துக்கிட்டு, இருபது நிமிஷத்துக்கு ஒரு தடவை பாட்டிலைத் தூக்கிக் காட்டினார்.

சாப்பாட்டைப் பத்தி நிறைய எழுதுறாங்க, நான் சுருக்கமா முடிக்கிறேன். மதியம் எண்ணெய்ச் சாப்பாடு வேண்டாம். விழுப்புரம் பக்கம் பனைமரம் அதிகம் என்பதால் மே மாதத்தில் ரோட்டோரம் நுங்கு தாராளமாக் கிடைக்கும். வர்றப்போ, போறப்போ ரெண்டு தடவையும் வாங்கினோம். இளநீர், மோர், கம்பங்கூழ் எல்லாம் நம்ம ஊர்க் கணக்குதான். பிரெஞ்சு ரொட்டியைக் காலையில் சூடா இருக்கும்போது சாப்பிடுங்க. சாயந்திரம் அதே ரொட்டி கடல் ஈரத்தில் சவசவன்னு ஆயிடும். மிச்சத்தைப் பையில் வெச்சு அத்தைக்குக் கொண்டுவந்தேன். கடிச்சுப் பார்த்துட்டு, "இதுக்கா அவ்வளவு தூரம் போனீங்க?" என்றாங்க.

திண்ணை விஷயத்தை நாங்க வீட்டில் சொல்லலை. ஆனா, போன வாரம் பெரம்பலூர் சந்தைக்குக் கிளம்பின அத்தைகிட்ட இவர் ஒரு பாட்டில் தண்ணியை நீட்டி, "குடிச்சுக்கிட்டே போம்மா, பஸ் ஸ்டாண்டுல பாத்ரூம் இந்தப் பக்கம் இருக்கு" என்று வழி சொல்லிக்கொண்டிருந்தார். அத்தை என்னைத் திரும்பிப் பார்த்தாங்க. நான் வெங்காயம் ஆய ஆரம்பிச்சேன்.